ஒட்டடை அடித்தும் போகாத சிலந்திகள்

கேள்வி: மன்னார்குடிக்கு வெளியே, வயலை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து தரையில் பழுப்பு நிற எட்டுக்கால் பூச்சிகள் ஓடுகின்றன. வாரம் தவறாமல் ஒட்டடை அடிக்கிறேன், குறையவே இல்லை. போன வாரம் ஒன்றைத் துடைப்பத்தால் அடித்தேன். அதன் முதுகிலிருந்து குட்டிக் குட்டியாக நூறு உருப்படி தரை முழுக்கச் சிதறின. அன்று இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஏழு வயது மகனுக்குக் கழுத்தில் சூடு போட்டதுபோல ஒரு கோடு, முழங்கை மடிப்பில் இரண்டு பக்கமும் கொப்புளம். எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்துவிட்டது என்று என் அத்தை குயவர் வீட்டுக்கு அழைத்துப் போய் அக்கி எழுதி வந்தார். போன வருஷம் மாமாவுக்கும் இடுப்பில் கறுப்பாக ஒரு புண் வந்தது. சிலந்திக்கடி என்றார்கள். பிறகு காய்ச்சலில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பூச்சி மருந்து அடிக்கும் கம்பெனி ஒன்று வருஷத்துக்கு நான்கு தடவை அடிக்க ஒப்பந்தம் போடச் சொல்கிறது. என் கணவரோ வயலுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது, அதையே கலந்து அடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

அன்புச் சகோதரிக்கு,

வயல் மருந்து வீட்டுக்குள் வரவே கூடாது. மற்றதையெல்லாம் அப்புறம் பேசலாம், இதை மட்டும் உங்கள் கணவரிடம் இன்றே சொல்லிவிடுங்கள். பயிருக்கு அடிக்கிற மருந்து வெட்டவெளிக்காகத் தயாரானது. அங்கே வெயிலும் காற்றும் மழையும் அதைச் சிதைத்துவிடும். நான்கு சுவருக்குள் அது எளிதில் போகாது. தரையிலும் பாயிலும் படிந்து வாரக்கணக்கில் கிடக்கும். உங்கள் பையன் அதே தரையில் குப்புறப் படுத்துப் படிப்பான், அதே கையால் முறுக்கு எடுத்துத் தின்பான். நான் பயிர்ப் பாதுகாப்பு வேலையில் இருபத்தேழு வருஷம் டெல்டா வயல்களில் நடந்தவன். மருந்தின் மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. ஆனால் மிச்ச மருந்தை வீட்டில் அடித்துவிட்டுக் குடும்பத்தோடு வாந்தி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டிலை மூடி இறுக்கி, லேபிள் கிழியாமல், பையன் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அடுத்தது பையன். நேரில் பார்க்காமல் நோயைப் பெயர் சொல்லி முடிவு கட்ட நான் டாக்டர் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்கள் என் கண்ணில் பட்டன. ஒன்று, "கோடு". இன்னொன்று, "மடிப்பில் இரண்டு பக்கமும்". சிலந்தி கடித்தால் கோடு விழாது. ஒரு புள்ளியில் வலிக்கும், அந்த இடம் சிவக்கும், வீங்கும். முழங்கையை மடக்கினால் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டும் அல்லவா, அங்கே ஒரே மாதிரி இரண்டு கொப்புளம் வந்திருக்கிறது என்றால், தோலைச் சுடுகிற ஏதோ ஒரு திரவம் ஒரு பக்கம் பட்டு, மடக்கும்போது மறுபக்கமும் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மழைக்காலத்தில் வயலோர வீடுகளில் அப்படிச் செய்கிற ஒரு பூச்சியை எனக்கு நன்றாகத் தெரியும். அது சிலந்தி இல்லை, ஒரு வண்டு.

பெடரஸ் என்பது அதன் அறிவியல் பெயர். செய்தித்தாள்களில் நைரோபி ஈ என்று எழுதுவார்கள், ஈக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தோல் வெந்துபோனது என்று செய்தி வந்ததே, அதே வண்டு வகைதான். அரிசி மணியைவிடக் கொஞ்சம் நீளம், முக்கால் முதல் ஒரு சென்டிமீட்டர். பார்த்தால் எறும்பு என்றே நினைப்பீர்கள். தலை கறுப்பு, கழுத்து செம்மஞ்சள், அடுத்து நீலம் மின்னும் ஒரு குட்டைச் சட்டை, அதற்குப் பின்னால் மறுபடி செம்மஞ்சள், வால் நுனி கறுப்பு. நடக்கும்போது வாலைத் தூக்கிக் காட்டும். நெல் வயலில் குடியிருந்து, பயிரின் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும், இரவில் டியூப் லைட் வெளிச்சத்துக்குப் பறந்து வரும். இது கடிக்காது, கொட்டாது. கழுத்தில் ஏதோ ஊர்கிறது என்று கையால் தேய்த்து நசுக்கினால்தான் ஆபத்து, அதன் உடம்புக்குள் ஓடும் திரவத்தில் பெடரின் என்ற நச்சு இருக்கிறது. தேய்த்த வழியெல்லாம் கோடாக இழுபடும். உடனே எரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் சிவந்து கொப்பளிக்கும். உங்கள் பையனுக்குப் புண் தெரிந்த அன்று வண்டை யாருக்கும் நினைவிருக்காது. இரண்டு நாள் முன்னால் அடித்த சிலந்திதான் நினைவிருந்தது, பழி அதன் மேல் விழுந்தது.

டாக்டரிடம் காட்டுங்கள், பூசுவதற்கு மருந்து தருவார். பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும், கறுத்த தழும்பு மறைய இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கலாம். சொறிய விடாதீர்கள், ஈரத்துணி ஒற்றலாம். கையில் பட்டது கண்ணுக்குப் போய்க் கண் சிவந்தால் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். இனி மேலே ஊர்ந்தால் நசுக்காமல் ஊதித் தள்ளவும், தெரியாமல் நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவவும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள். அன்று உடுத்தியிருந்த சட்டை, தலையணை உறை இரண்டையும் துவைத்துவிடுங்கள்.

அத்தையை இதில் குறை சொல்ல மாட்டேன். பேரன் துடிப்பதைப் பார்த்துத் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறார். ஆனால் உடைந்த கொப்புளத்தின் மேல் காவி மண் படக்கூடாது, சீழ் பிடித்துவிடும். உண்மையான அக்கி வேறு நோய். அது வைரஸால் வருவது, உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக இறங்கும், வயதானவர்களுக்கு வலி தாங்காது. அதற்கும் மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். சிலந்தி மூத்திரம் பெய்து கொப்புளம் வரும் என்பது மட்டும் நடக்காத காரியம். சிலந்தியின் கழிவு சுவரில் சுண்ணாம்புத் துளிபோலக் காய்ந்து கிடக்கும் வெள்ளைப் பொட்டு. தோலைச் சுடுகிற எதுவும் அதில் கிடையாது.

மாமாவின் புண்ணைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் கவலை தந்தது அந்த வரிதான். இடுப்பில், வேட்டி கட்டும் இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்துக் காய்ந்த பொருக்கு. அதற்குப் பின்னால் விடாத காய்ச்சல். இது ஸ்க்ரப் டைஃபஸ் நோய்க்கு ஒத்துப்போகிற அடையாளம். புதரிலும் வரப்புப் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, வலிக்காமல் கடிக்கும், அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, காதுக்குப் பின்னால் என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். கடித்துப் பத்து நாள் வாக்கில் காய்ச்சல் வரும். மழைக்காலத்திலும் அதை ஒட்டி வரும் குளிர் மாதங்களிலும் தமிழ்நாட்டில் இது நிறைய. டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரைக்கே கட்டுப்படும், கண்டுபிடிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போய் உயிரை எடுக்கும். மாமாவுக்கு வந்தது இதுதானா என்று ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், எடுத்துப் பாருங்கள். இனி வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், உடம்பில் கறுப்புப் பொருக்கு எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை டாக்டரிடம் திறந்து காட்டுங்கள். கூச்சப்பட்டு மறைக்க வேண்டாம். "சிலந்திக்கடி" என்று நீங்களாகப் பெயர் சொல்லியும் காட்டாதீர்கள், அந்தப் பெயரே டாக்டரின் கவனத்தை வேறு பக்கம் திருப்பிவிடும்.

நம் பேச்சில் சிலந்தி என்ற சொல்லே பூச்சிக்கும் புண்ணுக்கும் பொதுவாக இருக்கிறது. ஆறாத கட்டியைச் சிலந்தி என்பார்கள். குடிநீர் வழியே உடம்புக்குள் போய்க் காலில் கொப்புளம் கட்டி வெளியே வரும் நீண்ட புழுவின் நோயை நரம்புச் சிலந்தி என்றார்கள். அந்த நோயையே இந்தியாவிலிருந்து ஒழித்துவிட்டோம், கடைசி நோயாளி 1996-இல். அதில் எட்டுக்கால் பூச்சிக்குப் பங்கே கிடையாது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. காரணம் தெரியாத புண் எல்லாவற்றையும் சிலந்தி தலையில் கட்டுவது நமக்கு அவ்வளவு பழகிப்போன வழக்கம்.

சரி, தரையில் ஓடுவது என்ன?

ஒட்டடை அடித்தும் குறையவில்லை என்று எழுதினீர்கள். குறையாது. ஒட்டடை கட்டுவது மூலையில் தொங்கும், உடம்பு சிறுத்துக் கால் மட்டும் நீண்ட சிலந்தி. திருவானைக்காவில் சிவலிங்கத்தின் மேல் சருகு விழாமல் பந்தல் போட்டதாகத் தலபுராணம் சொல்லும் சிலந்தியும் வலை பின்னுகிற கூட்டம்தான். உங்கள் தரையில் ஓடுவது வலை பின்னிக் காத்திருக்காத கூட்டம். காலால் நடந்து, துரத்திப் பிடித்துத் தின்பது. ஒட்டடைக் கம்புக்கு அங்கே வேலை இல்லை.

முதுகில் குஞ்சு சுமந்தது என்று நீங்கள் எழுதியதே போதும். அது ஓநாய்ச் சிலந்தி. தரையில் திரியும் சிலந்திகளில் குஞ்சுகளை முதுகில் ஏற்றிச் சுமப்பது இந்தக் குடும்பத்தின் வழக்கம், வேறு அடையாளமே தேவையில்லை. முட்டைகளைப் பட்டுநூலில் உருண்டையாகச் சுற்றி, அந்த உருண்டையை உடம்பின் பின்நுனியில் ஒட்டிக்கொண்டே வேட்டைக்கும் போகும். உருண்டையைப் பறித்துவிட்டால் பதறித் தேடும், அதே அளவில் பஞ்சுருண்டை கிடந்தால்கூட எடுத்து ஒட்டிக்கொள்ளும். குஞ்சு பொரிந்ததும் உருண்டையின் ஓரத் தையலைத் தாயே கடித்துப் பிரித்துவிடும். ஒவ்வொன்றாக வெளியே வந்து, கால் வழியே ஏறி முதுகில் அடுக்கடுக்காக உட்காரும். பிடித்துக்கொள்ள வசதியாகத் தாயின் முதுகில் நுனி தடித்த மயிர்கள் இருக்கின்றன. ஒரு வாரம் போல எதுவும் தின்னாமல் அப்படியே சவாரி. பிறகு தாமாக இறங்கிப் பிரிந்து போய்விடும். துடைப்பம் பட்டதும் நீங்கள் பார்த்தது இந்தக் குடும்பம் கலைந்ததைத்தான். அந்த நூறில் பெரும்பாலானவை வீட்டுக்குள் பிழைத்திருக்காது, எறும்பும் பல்லியும் பார்த்துக்கொண்டிருக்கும். அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

இன்னும் உறுதி வேண்டுமானால் இரண்டு சோதனை சொல்கிறேன். இரவில் வாசல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை உங்கள் கண்ணுக்குப் பக்கத்தில், நெற்றியோரம் பிடித்துக்கொண்டு வாசல் புல்லைப் பாருங்கள். பச்சை கலந்த நீலத்தில் ஊசிமுனை அளவு பொட்டுகள் மின்னும். பனித்துளி என்று நினைப்பீர்கள். நீங்கள் நகர்ந்தால் துளியின் மினுக்கு மறையும், சிலந்தியின் கண் உங்களையே பார்த்து மின்னிக்கொண்டிருக்கும். அதற்கு எட்டுக் கண், மூன்று வரிசை. கீழே சின்னதாக நான்கு, நடுவில் கார் விளக்குபோல இரண்டு பெரியவை, மேலே பின்தள்ளி இரண்டு. பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். பயம் தெளிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

இரண்டாவது, கண்ணாடி டம்ளர். சிலந்தியின் மேல் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் கல்யாணப் பத்திரிகை போன்ற கெட்டி அட்டையைச் செருகி நிமிர்த்துங்கள். வழவழப்பான கண்ணாடியில் ஏற முடியாமல் சறுக்கிச் சறுக்கி விழுந்தால் அது பெரும்பாலும் ஓநாய்ச் சிலந்தி. சரசரவென்று ஏறிவிட்டால் வேறு இனம்.

அந்த வேறு இனத்தில் ஒன்றுக்குத் தரைச் சிலந்தி என்றே பெயர். எலிபோலச் சாம்பலோ கறுப்போ, கோடு புள்ளி அதிகம் இல்லாமல், கொஞ்சம் தட்டையாக இருக்கும். உடம்பின் பின்முனையில் நூல் சுரக்கும் காம்புகள் இரண்டு குழாய்போல விலகி நீட்டிக்கொண்டிருக்கும், கண்ணாடி வில்லையில் பார்த்தால் தெளிவாகத் தெரியும். பகலில் கல்லுக்கடியில் பட்டுப்பை கட்டி உறங்கி, இரவில் எறும்பையும் மற்றச் சிலந்திகளையும் வேட்டையாடும். இன்னொன்று குளியலறைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காலைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் பெரிய சிலந்தி. சில நேரம் வயிற்றுக்கடியில் சின்ன அப்பளம்போல வெள்ளை வட்டு ஒன்றைப் பிடித்திருக்கும், அது முட்டைப் பை. பார்க்கத்தான் பயங்கரம், கரப்பானுக்கு அதைப்போல் எதிரி கிடையாது. வெறுங்கையால் பிடிக்காதீர்கள், அவ்வளவுதான். மழை நாளில் எப்போதாவது மயிர் அடர்ந்த, கனத்த உடம்பு கொண்ட பொந்துச் சிலந்தி திண்ணைக்கு வந்தால் மட்டும் தள்ளி நில்லுங்கள். அதன் கடி நன்றாகவே வலிக்கும்.

ஓநாய்ச் சிலந்தியும் கையில் வைத்து அழுத்தினாலோ, செருப்புக்குள் காலை நுழைத்து நசுக்கினாலோ கடிக்கும். எறும்பு கடித்ததைவிட அதிகமாகவும் வலிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் பெரும்பாலும் அன்றைக்கே அடங்கிவிடும். கயிறு கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். வலி ஏறிக்கொண்டே போனால், தசை இழுத்தால், வியர்த்துக் கொட்டினால், மறுநாள் சிவப்பு பரவினால் டாக்டரிடம் போக வேண்டும்.

இந்தச் சிலந்தி உங்கள் வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்றால், பக்கத்து வயலில் இருந்து. அங்கே அதற்கு இருக்கிற மரியாதையையும் சொல்லிவிடுகிறேன். புகையானுக்கு எப்போது மருந்து அடிக்கலாம் என்பதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்கிற கணக்கிலேயே சிலந்தி இருக்கிறது. தூருக்கு, அதாவது நெல்லின் ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் பூச்சி தெரிந்தால் மருந்தை யோசி, ஆனால் பல தூர் சேர்ந்த ஒரு குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரும் வரை பொறு. ஒரு சிலந்தி இருந்தால் உழவர் இருமடங்கு பூச்சி வரை காத்திருக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குனிந்து குனிந்து அந்தக் கணக்கை எடுத்துத்தான் எனக்கு முதுகுவலியே வந்தது, ஆனாலும் சிலந்தி எண்ணிக்கை கூடியிருந்த வயலைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும். மழையில் வரப்புப் பொந்துகளில் தண்ணீர் ஏறினால் அது மேட்டைத் தேடும். அறுவடையானால் மறைவைத் தேடும். இப்போது உங்கள் மனைதான் அங்கே மேடு. தை அறுவடை முடிந்ததும் ஒரு பத்து நாள் மறுபடி கூடும், அப்போது கலங்க வேண்டாம்.

இனி வீட்டுக்குச் செய்ய வேண்டியது. வாசலில் பளிச்சென்று வெள்ளை எல்இடி போட்டிருக்கிறீர்களா? வயலோரத்தில் புது வீடு கட்டுகிறவர்கள் பயத்தில் பெரும்பாலும் அதைத்தான் போடுகிறார்கள். அந்த வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சியைத் தின்னச் சிலந்தி வரும், பையனைச் சுட்ட வண்டும் அதே வெளிச்சத்துக்குத்தான் வரும். மஞ்சள் ஒளி பல்பாக மாற்றி, முடிந்தால் கதவுக்கு நேர் மேலே இல்லாமல் பத்தடி தள்ளிக் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் வையுங்கள். பையன் படிக்கும் அறையில் ஆறு மணிக்கே ஜன்னல் வலையைச் சாத்திவிட்டு அப்புறம் விளக்கைப் போடுங்கள். கட்டிலை விளக்குக்கு நேர் கீழே போடாதீர்கள். ஒரே ஒரு வேலை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இந்த விளக்கு வேலையைச் செய்யுங்கள்.

அடுத்து கதவின் அடியிடைவெளி. இரவில் உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு வெளியே நின்று பாருங்கள், கதவுக்கடியில் வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் சிலந்திக்கு வாசல். ஹார்டுவேர் கடையில் கதவின் கீழே திருகி வைக்கிற ரப்பர் பட்டை, பிரஷ் பட்டை கிடைக்கும். குழாயும் வயரும் சுவருக்குள் நுழையும் ஓட்டைகளைப் பூசுங்கள். குளியலறைத் தண்ணீர் போகும் துளைக்கு நெருக்கமான வலை மூடி போடுங்கள்.

வெளியே, வீடு கட்டி மிஞ்சிய செங்கல், சென்ட்ரிங் பலகை, டைல்ஸ் துண்டு இவையெல்லாம் இன்னும் சுவரோரம் கிடக்கும் என்று நினைக்கிறேன். எட்டு மாத வீட்டில் அப்படித்தான் இருக்கும். அவற்றையும் தென்னமட்டையையும் விறகையும் சுவரை விட்டு நகர்த்தி, தரையில் படாமல் கல் வைத்து அடுக்குங்கள். சுவரைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குப் புல் இல்லாமல் ஜல்லி போட்டால் இன்னும் நல்லது. சிலந்தியைக் காட்டிலும் வேறு காரணத்துக்காக இதைச் சொல்கிறேன். அந்தக் குவியலுக்குள் செந்தேள் இருக்கலாம், தவளையைத் தேடி வரும் பாம்பும் இருக்கலாம். செந்தேளுக்கு 1798-இல் வைத்த அறிவியல் பெயரிலேயே தமுலஸ் என்று நம் பெயர் ஒட்டியிருக்கிறது. குழந்தைகளைக் கொட்டினால் வாந்தி, கொட்டும் வியர்வை, கைகால் சில்லிடுவது என்று இதயத்தைத் தாக்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் கிராமத்து டாக்டராக இருந்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பிரசோசின் என்ற மாத்திரையால் இதைக் கட்டுப்படுத்திக் காட்டிய பிறகு சாவு வெகுவாகக் குறைந்தது. ஆகவே தேள் கொட்டினால் மந்திரிக்க நேரம் போக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் இருட்டில் தேள் பச்சையாக ஒளிரும். குவியலைக் கலைக்கும் முன் அந்த டார்ச்சை அடித்துப் பாருங்கள். கையில் உறை, காலில் மூடிய செருப்பு கட்டாயம். புல் வெட்டும்போது முழுக்கால் சட்டை போட்டு, முடிந்ததும் குளித்துத் துணியை மாற்றினால் மாமாவைக் கடித்ததாக நான் சந்தேகப்படும் சிற்றுண்ணிக்கும் அதுவே காப்பு.

உள்ளே வந்துவிட்ட சிலந்தியை அடிக்க வேண்டாம், முறத்தைத் தரையோடு சாய்த்து வைத்துத் துடைப்பத்தால் மெல்ல ஏற்றி வாசலுக்கு வெளியே தட்டுங்கள். குஞ்சு சுமக்கிற தாயாக இருந்தால் மேலே ஒரு வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, அட்டை செருகி அப்படியே கொண்டுபோய் வரப்பில் விடுங்கள். எலுமிச்சைத் தோல், உப்பு, பூண்டுத் தண்ணீர் என்று வாட்ஸ்அப்பில் வருவதில் எதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் பின்னால் சுவரோரம் ஒட்டு அட்டை வைக்கலாம். பல்லியும் சிக்கும் என்பதால் எனக்கு அதில் மனசில்லை, ஆனால் எந்த வழியாக எத்தனை வருகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் வைத்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ஒப்பந்தம் பற்றிக் கேட்டீர்கள். தரையில் ஓடும் சிலந்திக்காக அதில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் கருத்து. தரையில் தெளித்துக் காயவிடும் மருந்து கரப்பானுக்கு நன்றாக வேலை செய்யும். கரப்பான் வயிறு தரையில் உரச ஓடும், காலையும் மீசையையும் வாயால் வழித்துச் சுத்தம் செய்யும், மருந்து உள்ளே போகும். சிலந்தி கால்நுனியில் எம்பி நடக்கிற பிராணி, கரப்பான்போல ஓயாமல் வழித்துக்கொண்டிருப்பதும் இல்லை. நேரே மேலே பட்டால்தான் சாகும். நேரே அடிக்கிற தூரத்தில் இருக்கிற சிலந்தியை முறத்திலேயே எடுத்துவிடலாம். அதோடு, வயலில் இருந்து புதிது புதிதாக வந்துகொண்டிருக்கிற ஒன்றுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அடித்து என்ன ஆகப்போகிறது? கரையானுக்கோ கரப்பானுக்கோ அவர்களை அழைக்க வேண்டி வந்தால், அரசு உரிமம் இருக்கிறதா, அடிக்கப்போகிற மருந்தின் பெயர் என்ன, அது வீட்டுக்குள் அடிக்கப் பதிவானதா என்று கேட்டு, டப்பாவின் லேபிளைக் கண்ணால் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காட்டத் தயங்குகிறவரை உள்ளே விடாதீர்கள். பூனை வளர்த்தாலோ மீன் தொட்டி இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இவர்கள் வழக்கமாக அடிக்கும் மருந்துகளில் சில அவற்றுக்குக் கொடிய விஷம்.

விளக்கை மாற்றி, கதவடியை அடைத்த பிறகு மூன்று வாரம் பொறுத்துப் பாருங்கள். நாளுக்கு எத்தனை உள்ளே வந்தது என்று காலண்டரில் பையனையே குறிக்கச் சொல்லுங்கள். குறையவில்லை என்றாலோ, நான் சொன்ன எதிலும் சேராத ஒன்று வந்தாலோ, டம்ளருக்குள் வைத்து மேலிருந்து ஒரு படமும் முகத்துக்கு நேரே ஒரு படமும் எடுத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்து அனுப்புங்கள். பையனின் கழுத்து எப்படி இருக்கிறது என்பதையும், மாமாவின் ஆஸ்பத்திரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் கூடவே எழுதுங்கள்.